மனம் எதுவாக இருப்பினும் மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள்: கருத்தரங்கக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கருத்தரங்கக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

மாத்திரை மனத்தைத் தொடாது என்று உங்கள் ஆடி மாதக் கருத்தரங்கில் பேசப்பட்டதைக் கேட்டு என் தம்பி தன் மனநோய் மருந்தை நிறுத்திவிட்டது பற்றிப் பதிவு அஞ்சலில் நான் அனுப்பிய முறையீட்டுக்கு நீங்கள் எழுதிய பதில் கிடைத்தது. இரு தரப்பினருக்கும் சம நேரம் அளித்ததாகவும், கேட்டவர்கள் எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அவரவர் பொறுப்பு என்றும் அதில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடிதம் வந்த அதே வாரத்தில், ஆடி மாதம் பேசிய அதே பேச்சாளர் தை மாத அமர்விலும் பேசவிருப்பதாகவும், அதையொட்டி ‘மாத்திரையில்லா மனநலம்’ என்ற பயிற்சி முகாமை நடத்தவிருப்பதாகவும் மஞ்சக்குப்பம் முழுவதும் சுவரொட்டி ஒட்டியிருக்கிறீர்கள். தனிப்பட்ட முறையீட்டால் பயன் இல்லை என்று தெரிந்துவிட்டதால், இதை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். என் தம்பிக்குக் கல்லூரி நாட்களிலிருந்தே இருமுனை மனநோய் உண்டு. மனம் சில காலம் அளவுமீறி எழுவதும் சில காலம் ஆழ்ந்த சோர்வில் விழுவதுமான நோய் அது. மருத்துவரும் நாங்களும் ‘பைபோலார்’ என்றுதான் சொல்லுவோம். நீதிமன்றத்துக்கு அருகில் ஜெராக்ஸ் கடை வைத்து, மனைவி மக்களோடு, அக்கம்பக்கத்தார் யாருக்கும் வேறுபாடு தெரியாதபடி அவன் வாழ்ந்துவந்தான். அவனுடைய உழைப்பும் அவன் மனைவியின் பொறுமையும் இல்லாமல் அது நடந்திருக்காது. அவன் தவறாமல் விழுங்கிவந்த லித்தியம் கார்பனேட் மாத்திரை இல்லாமலும் நடந்திருக்காது. உயிர், ஆன்மா, பிரபஞ்சம் என்ற பேச்சில் அவனுக்கு எப்போதுமே ஈடுபாடு அதிகம் என்பதால் உங்கள் கருத்தரங்குக்கு முன்வரிசையில் இடம் பிடிக்கச் சீக்கிரமே வந்துவிட்டான். நானும் வந்திருந்தேன்.

அன்று மேடையில் பேசப்பட்டதை நீங்கள் மறந்திருக்கக்கூடும் என்பதால் நினைவூட்டுகிறேன். முதலில் பேசியவர், மனம் பொருள் அன்று, ஆகவே பொருளால் ஆன மாத்திரை மனத்தைத் தொடவே முடியாது என்றார். மூளை வானொலிப் பெட்டி, மனம் எங்கிருந்தோ வரும் அலை, பெட்டிக்குள் மருந்தை ஊற்றினால் பாட்டு மாறுமா என்று கேட்டார். மனநோய் மாத்திரைகள் ஆன்மாவின் குரலை அமுக்கும் பஞ்சு என்றார். மண்டபம் கைதட்டியது. அடுத்துப் பேசியவர், ஆன்மாவும் கிடையாது அலையும் கிடையாது, அன்பும் துக்கமும் பக்தியும் மூளையில் ஊறும் ரசாயனம், அதற்கு மேல் ஒன்றுமில்லை, அறிவியல் இந்தக் கணக்கை எப்போதோ முடித்துவிட்டது என்றார். அதற்கும் மண்டபம் கைதட்டியது. கேள்வி கேட்க எழுந்தவர்களை நேரமில்லை என்று உட்காரவைத்துவிட்டு நன்றியுரைக்குப் போய்விட்டீர்கள்.

ஆவணி பாதிக்குள் என் தம்பி தூக்கத்தை விட்டுவிட்டான். விடியற்காலை மூன்று மணிக்கு மொட்டை மாடியைக் கழுவினான். உறவினர் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, கெடிலத்தைத் திருப்பிவிட்டுக் கடலூரின் வெள்ளத்தை நிரந்தரமாகத் தீர்க்கும் திட்டத்தை விளக்கினான். மாவட்ட ஆட்சியருக்கு வரைபடத்தோடு மனு எழுதினான் (வரைபடம் நன்றாகவே இருந்தது). தேவையே இல்லாத இரண்டாவது பெரிய நகல் இயந்திரத்துக்கு, மகளின் படிப்புக்கு வைத்திருந்த பணத்தை எடுத்து முன்பணம் கட்டிவிட்டான். அவன் மனைவி பூஜை அலமாரியைத் துடைக்கும்போது, திருநீற்றுத் தட்டுக்குப் பின்னால் மாத்திரை அட்டைகள் செருகியிருப்பதைக் கண்டாள். முதல் அட்டையில் இரண்டு குழிகள் மட்டும் உடைந்திருந்தன. மற்றவை கடையில் வாங்கியபோது இருந்தபடியே புடைத்துக்கொண்டிருந்தன. ஏனடா என்று கேட்டதற்கு, “மனசுக்கு மாத்திரை எதுக்குக்கா? அவ்ளோ படிச்சவரே சொல்லிட்டாரே” என்றான்.

மேலே ஏறியது ஐப்பசியில் கீழே விழுந்தது. ஒரு மாலை, கெடிலம் பாலத்திலிருந்து அவனைத் தெரிந்த ஒருவர் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துவந்தார். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்து, லித்தியத்தை மறுபடி தொடங்கி, இரத்தத்தில் அதன் அளவு ஏறுகிறதா என்று பார்த்துப் பார்த்து, இப்போது வீட்டுக்கு வந்திருக்கிறான். கடை பாதி நாள் திறக்கிறது. நகல் இயந்திரத்தின் முன்பணம் திரும்பவில்லை.

மனம் பொருளா அன்றா என்ற கேள்வியை மேடை ஏற்றவே கூடாது என்று நான் கேட்பதாக உங்கள் பதிலில் எழுதியிருந்தீர்கள். நான் அப்படிக் கேட்கவில்லை. உயிரும் உணர்வும் பொருளுக்குள் அடங்கிவிடுமா என்ற வழக்கு இந்த மண்ணுக்குப் புதியதும் அன்று. மணிமேகலையில் வஞ்சி நகரத்துச் சமயவாதிகள் வரிசையில் கடைசியாக ஒரு பூதவாதி, அதாவது நிலம் நீர் முதலிய பூதங்களே எல்லாம் என்பவன், வருகிறான். ஆத்திப் பூவையும் வெல்லக் கட்டியையும் மற்றவற்றையும் கூட்டி வைத்தால் கள்ளின் களிப்பு பிறப்பதுபோல, பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றும், பூதங்கள் பிரியும்போது பறையின் ஓசைபோல் அது கெடும் என்கிறான். சாராயம் காய்ச்சும் சட்டியில் பூவிலும் வெல்லத்திலும் தனித்தனியே இல்லாத ஒன்று உண்டாகிறது என்பதை இவ்வளவு கூர்மையாகக் கவனித்தவனை முட்டாள் என்று யாரும் தள்ளிவிட முடியாது. கண்ணால் காண்பதைத் தவிர வேறெதையும் ஒப்பமாட்டேன் என்று அவன் சொன்னதைக் கேட்டு மணிமேகலை சிரிக்கிறாள்; உன் தாய் தந்தை இவர்தாம் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறெப்படி அறிந்தாய் என்று ஒரே கேள்வியில் மடக்குகிறாள். யாரும் யாரையும் இழிவு செய்யவில்லை. கேள்வி நேரம் இருந்தது.

நம் மாவட்டத்துக்கே வருகிறேன். சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் பெண்ணாகடத்தில் பிறந்தவர் என்பது மரபு. அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார் பண்ருட்டிக்குப் பக்கத்துத் திருத்துறையூர்க்காரர். அவர்கள் வழியில் வந்த உமாபதி சிவம் சிதம்பரத்தார். அருணந்தியார் தம் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாகப் பிரித்து, பிறர் மதங்களைச் சொல்லி மறுக்கும் பரபக்கத்தில் முதல் இடத்தை யாருக்குக் கொடுத்தார் தெரியுமா? உலகாயதருக்கு. உடம்பே உயிர் என்போரின் வாதத்தை, அவர்களே எழுதியிருந்தால் எப்படி எழுதுவார்களோ அப்படி முதலில் நிறுத்திவிட்டு, அதன் பிறகே மறுப்பைத் தொடங்கினார். எதிராளியின் கொள்கையை அவனை விட நன்றாக எடுத்துரைக்கத் தெரியாதவர் அந்த நாளில் இங்கே வாதத்துக்கு உட்காரவே முடியாது. நீங்கள் நடத்திய கருத்தரங்கில் ஒருவர் பேசியதற்கு மற்றவர் ஒரு வாக்கியமாவது பதில் சொன்னாரா என்று ஒலிப்பதிவைக் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் முதல் பேச்சாளர் தம் பேச்சு முழுவதையும் ‘நம் சித்தாந்த மரபு’ என்ற பெயரில் நிறுத்தினார் என்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சைவ சித்தாந்தத்தில் மனம் எந்தப் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கிறது? மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்ற நான்கும் அந்தக்கரணங்கள், முப்பத்தாறு தத்துவங்களில் இருபத்து நான்கு ஆன்ம தத்துவங்களுக்குள் எண்ணப்படுபவை, மாயை என்ற மூலப்பொருளிலிருந்து தோன்றியவை, கண்ணையும் காதையும் கையையும் காலையும் போலவே சடம், அதாவது தானாக அறியாத பொருள். அறிவது உயிர், மனம் உயிர் அறிவதற்கு உதவும் கருவி. கருவிகள் கூடாத கேவல நிலையில் உயிருக்கு அறிவு விளங்காது என்றும் அந்த நூல்களே சொல்லுகின்றன. ஆகவே, மனம் பொருளுக்கு அப்பாற்பட்டது, பொருள் அதைத் தொடாது என்று திருநீறு துலங்கச் சொன்னவர், எந்த மரபின் பெயரால் சொன்னாரோ அந்த மரபுக்கே மாறாகச் சொன்னார். கண்ணில் புரை விழுந்தால் அறுவை செய்துகொள்வதை எந்தச் சித்தாந்தியும் தடுத்ததில்லை. அதே கருவி வரிசையில் இருக்கும் மனத்துக்கு மட்டும் மருத்துவம் கூடாது என்பது பெண்ணாகடத்திலிருந்தோ திருத்துறையூரிலிருந்தோ வந்த கொள்கை அன்று.

இனி, நான் கற்பித்த பாடத்தின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல அனுமதியுங்கள்.

உயிருள்ளவற்றில் மட்டும் ஒரு தனி உயிர்விசை இருக்கிறது, அதனால்தான் உடல் உண்டாக்கும் பொருள்களை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்க முடியாது என்று ஐரோப்பிய வேதியியலாளர் பலர் ஒரு காலத்தில் கருதினர். 1828இல் பிரீட்ரிக் ஓலர் என்ற ஜெர்மானியர், உயிரற்ற உப்புகளிலிருந்து யூரியாவை, அதாவது சிறுநீரில் இருக்கும் அதே பொருளை, உண்டாக்கினார். அந்த ஒரு சோதனையோடு உயிர்விசைக் கொள்கை விழுந்துவிடவில்லை; மெல்ல மெல்லத் தேய்ந்து போயிற்று. 1953இல் ஸ்டான்லி மில்லர் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவை அடங்கிய குடுவையில் மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலங்களைப் பெற்றார். அமினோ அமிலம் உயிர் ஆகிவிடாது. முதல் உயிரணு எப்படித் தோன்றியது என்பது இன்று வரை தீர்க்கப்படாத கேள்விதான். ஆயினும் இன்று உயிரணு ஒன்றுக்குள் நடக்கும் வேலையை விளக்குகிற எந்த உயிரியலாளரும் தனி விசை ஒன்றைக் கணக்கில் சேர்க்க வேண்டிய தேவையைக் காணவில்லை.

மனத்தின் கதை இவ்வளவு எளிதில் முடிவது அன்று. ஆனாலும் பொருள் மனத்தைத் தொடுகிறது என்பதில் ஐயம் இல்லை. 1846இல் பாஸ்டனில் மயக்கம் தரும் ஈதர் ஆவியை மோப்பமிடச் செய்து, கழுத்துக் கட்டியை அறுவை செய்துகாட்டிய நாள் முதல், நினைவை நிறுத்தி மீட்டுத்தரும் வாயுக்களை உலகம் முழுவதும் பயன்படுத்துகிறோம். தைராய்டு சுரப்பு குறைந்தவர்களில் பலருக்கு வெளியில் காரணம் எதுவும் இல்லாமல் மனச்சோர்வு வருகிறது. சுரப்புக்கு ஈடான மாத்திரை கொடுத்தால் பெரும்பாலும் விலகுகிறது. கருவுற்ற தாய்க்கு அயோடின் போதாவிட்டால் பிறக்கும் பிள்ளையின் அறிவு வளர்ச்சி குன்றும். அதைத் தடுப்பதற்காகத்தான் மரக்காணத்திலும் தூத்துக்குடியிலும் விளையும் சமையல் உப்பில் அயோடின் கலக்கிறார்கள். உங்கள் பேச்சாளர் வீட்டுக் குழம்பிலும் அந்த உப்புதான் இருக்கும்.

லித்தியம் என்பது தனிம வரிசையில் மூன்றாவது. அட்டவணையில் சோடியத்துக்கு நேர் மேலே நிற்பது. கல்லிலும் உப்புநீரிலும் கிடைப்பது. அதன் உப்பு வெறியெழுச்சியை, அதாவது மனம் அளவுமீறி எழும் நிலையை, தணிக்கிறது என்று 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் எழுதினார். அவர் தேடியது வேறு. கினிப் பன்றிகளுக்கு யூரிக் அமிலத்தின் லித்திய உப்பைச் செலுத்தியபோது அவை அடங்கிப் போனதைக் கண்டு, லித்தியத்தை முதலில் தாமே உட்கொண்டு பார்த்துவிட்டு நோயாளிகளுக்குக் கொடுத்தார். பல ஆண்டுகளாக மனநோய் விடுதியில் கிடந்த அவருடைய முதல் நோயாளி தெளிந்து வீட்டுக்குப் போனார், போனவர் மருந்தை விட்டார், நோய் திரும்பியது. மறுபடி மருந்து கொடுத்தும், இரத்தத்தில் அளவு பார்க்கும் வழி வழக்கத்துக்கு வராத அந்த நாளில், 1950இல் லித்தியத்தின் நச்சாலேயே அவர் இறந்தார். இதை மறைக்க எனக்குக் காரணம் இல்லை. லித்தியம் அமுதம் அன்று. நோயைத் தடுக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே உள்ள இடைவெளி குறுகியது: பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்துக்கொள்வார்கள், 1.5ஐத் தாண்டினால் கை நடுங்கும், பேச்சுக் குழறும். அதனால்தான் இரவு மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துக் காலையில் இரத்தம் எடுக்கிறார்கள். சிறுநீரகத்தையும் தைராய்டையும் சோதிக்கிறார்கள். கத்திரி வெயிலில் தண்ணீர் குறையாமல் குடிக்கச் சொல்லுகிறார்கள். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கித் தின்னாதே என்கிறார்கள். மருந்தைக் குறைப்பதோ நிறுத்துவதோ மருத்துவரோடு உட்கார்ந்து, வாரக்கணக்கில், படிப்படியாகச் செய்ய வேண்டியது. சட்டென்று விட்டால் நோய் முன்னை விட விரைவாகத் திரும்பும் என்பதும், தற்கொலை ஆபத்தைக் குறைக்கும் மருந்துகளில் லித்தியம் முதன்மையானது என்பதும் மனநல மருத்துவர்கள் நன்கறிந்தவை. சம்பிரதாயமாகக் கைதட்டல் வாங்க ஒரு வாக்கியம் தேவைப்பட்டவருக்கு இவை தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. மேடை போட்ட உங்களுக்கு, கேட்டுத் தெரிந்துகொள்ளும் கடமை இருக்கிறது.

வானொலிப் பெட்டி உவமைக்கு வருகிறேன், ஏனென்றால் என் தம்பியைச் சாய்த்தது அதுதான். பெட்டி பழுதானால் ஒலி கரகரக்கும், விட்டு விட்டுக் கேட்கும், நின்றும் போகும். செய்தி வாசிப்பவரின் கருத்து மாறுமா? ஆவணியில் என் தம்பியின் பேச்சு கரகரக்கவில்லை. எப்போதையும் விடத் தெளிவாக, அழகாகப் பேசினான். மாறியது அவன் விரும்பியது, நம்பியது, முடிவெடுத்தது. மகளின் படிப்பை விட நகல் இயந்திரம் பெரிது என்று எண்ணியது எந்த அலைவரிசையில் வந்த கோளாறு? மூளையின் முன்பகுதி தேய்கிற ஒருவகை மறதிநோயில், வாழ்நாளெல்லாம் சாதுவாக இருந்தவர் கூச்சமும் இரக்கமும் இழந்துபோவதை நரம்பியல் மருத்துவர்கள் நாள்தோறும் காண்கிறார்கள். பெட்டி உவமை இதற்கு விடை சொல்லாது. சரி, உவமையை அப்படியே ஒப்புக்கொள்வோம். மூளை பெட்டிதான், பாடுபவர் வேறெங்கோ இருக்கிறார். அப்போதும் பழுதான பெட்டியைப் பழுதுபார்க்கத்தானே வேண்டும்? நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசும் முறையைக் கண்டதற்காக 1963இல் நோபல் பரிசு பெற்ற ஜான் எக்கில்ஸ், மனம் மூளைக்கு வேறானது என்றே கடைசிவரை நம்பினார். மான்ட்ரியாலில் வலிப்பு நோயாளிகளின் மூளையைத் திறந்து அறுவை செய்த வைல்டர் பென்ஃபீல்டும் முதுமையில் அந்தப் பக்கமே சாய்ந்தார். மனம் வேறு என்று நம்பியதற்காக, மூளைக்கு மருத்துவம் வேண்டாம் என்று அவர்கள் சொல்லிவிடவில்லை.

உங்கள் இரண்டாவது பேச்சாளரும் என் கோபத்திலிருந்து தப்ப முடியாது. அறிவியல் கணக்கை முடித்துவிட்டது என்று அவர் சொன்னது உண்மை அன்று. 1643இல் பொஹீமிய இளவரசி எலிசபெத், உருவமில்லாத ஆன்மா உடம்பை எப்படி அசைக்கும் என்று பிரெஞ்சுத் தத்துவவாதி தெக்கார்த்துக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். தெக்கார்த் தந்த விடைகளில் எதுவும் இளவரசிக்குத் திருப்தி தரவில்லை. அந்தக் கேள்வி பொருளுக்கு அப்பால் மனத்தை வைப்பவர்களைக் குத்துகிறது. 1714இல் ஜெர்மானியத் தத்துவவாதி லைப்னிட்ஸ் எழுதியது மறுபக்கத்தைக் குத்துகிறது: சிந்திக்கும் இயந்திரம் ஒன்றை ஆலையளவு பெரிதாக்கி உள்ளே நுழைந்து பார்த்தால், ஒன்றையொன்று தள்ளும் உறுப்புகளைத்தான் காண்போம், உணர்வை விளக்கும் எதையும் காணமாட்டோம் என்றார். இரண்டு கேள்வியும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. 1998இல் கிறிஸ்டாஃப் காக் என்ற மூளை ஆய்வாளர், உணர்வு மூளையில் எவ்வாறு எழுகிறது என்பதற்கான தெளிவான நரம்பு அடையாளம் இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் கிடைத்துவிடும் என்று தத்துவப் பேராசிரியர் டேவிட் சால்மர்ஸோடு பந்தயம் கட்டினார். 2023இல் நியூயார்க் மாநாட்டில் தோல்வியை ஒப்புக்கொண்டு மதுப்புட்டிகளைக் கொடுத்தார். பந்தயத்தில் தோற்றவர் ஆய்வை விடவில்லை. வென்றவரும் ஆன்மாவை நிறுவிவிட்டதாகச் சொல்லவில்லை. இப்படிப்பட்டவர்கள் பேசுவதைக் கேட்க மண்டபம் நிறையும் என்றுதான் நினைக்கிறேன்.

லித்தியம் வேலை செய்கிறது; எந்த வழியில் வேலை செய்கிறது என்பதில் இன்றும் ஆய்வாளரிடையே முழு உடன்பாடு இல்லை. யாருக்கும் லித்தியம் ‘குறைவதால்’ பைபோலார் வருவதில்லை. துக்கம் என்றால் இன்ன ரசாயனம் குறைந்தது, அவ்வளவுதான் என்ற கணக்கும் மருத்துவத்தில் இல்லை. ஆனால் மருத்துவமனைப் படுக்கையில் என் தம்பி கேட்டது இதுதான்: “அப்போ அம்மா செத்தப்ப நான் அழுதது எல்லாம் மூளையில ரசாயனம் கொறஞ்சதாலதானா அக்கா?” ஒரு பேச்சாளர் அவனுடைய மருந்தைப் பிடுங்கினார், மற்றவர் அவனுடைய அழுகையைப் பிடுங்கினார். தாய் இறந்ததற்கு மகன் அழுவதில் மூளைக்கும் பங்கு உண்டு, தாய்க்கும் பங்கு உண்டு என்று நான் சொன்னேன். மூளையில் நடப்பதை விளக்கிவிட்டால் தாய் விளக்கத்திலிருந்து மறைந்துவிடுவாள் என்பது நான் அறிந்த எந்த வேதியியலிலும் இல்லை.

இப்போது உங்கள் ‘சம நேரம்’ என்ற வாதத்தைப் பார்ப்போம். அன்று மேடையில் இரண்டு வேறு கேள்விகள் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருந்தன. உயிரும் மனமும் பொருளால் மட்டுமே ஆனவையா என்பது முதல் கேள்வி. அதற்கு இரு பக்கமல்ல, ஐந்தாறு பக்கம் உண்டு. எல்லாருக்கும் நேரம் கொடுங்கள், விடிய விடியக் கொடுங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை நோயாளி நிறுத்தலாமா என்பது இரண்டாவது கேள்வி. அது முதல் கேள்வியின் விடையைப் பொறுத்தே இல்லை. ஆன்மா உண்டென்றாலும் இல்லையென்றாலும் என் தம்பியின் இரத்தத்தில் லித்தியம் அளவுக்குள் இருந்தால் அவன் கடையைத் திறக்கிறான். இல்லாவிட்டால் பாலத்துக்குப் போகிறான். முதல் கேள்வி திறந்திருக்கிறது என்பதைக் காட்டி இரண்டாவதையும் திறந்துவிட்டது உங்கள் மேடை. பேச்சாளர் தலைப்புக்குள் நின்றிருந்தால் எனக்கு எந்த முறையீடும் இருந்திருக்காது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியாத ஒன்றன்று. 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து 28 பேர் எரிந்து இறந்தார்கள். தர்காவின் அருளால் குணமாகும் என்று நம்பிய வீட்டார் அவர்களை அங்கே விட்டிருந்தார்கள். நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. பாடலீசுவரர் கோயிலுக்கு நாங்களும் போகிறோம், போய்விட்டு வந்து மாத்திரையும் கொடுக்கிறோம். மருத்துவத்தின் இடத்தில் நம்பிக்கையைக் கொண்டுபோய் உட்காரவைத்ததுதான் அங்கே நடந்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. மனநல மருத்துவம் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. மருந்துகள் மற்றும் மந்திர சிகிச்சைகள் குறித்த 1954ஆம் ஆண்டுச் சட்டம், தன் பட்டியலில் உள்ள நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. வலிப்பும் மனநோயும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. உங்கள் சுவரொட்டியை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்டுவிட்டீர்களா?

நான் கேட்பவை இவை. ‘மாத்திரையில்லா மனநலம்’ முகாமை ரத்து செய்யுங்கள், சுவரொட்டிகளை நீக்குங்கள், முன்பதிவுக்குப் பணம் கட்டியவர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுங்கள். முகாமுக்குப் பெயர் கொடுத்தவர்களில் யாரேனும் ஏற்கெனவே மருந்தை நிறுத்தியிருக்கக்கூடும் என்பதால், அவர்கள் ஒவ்வொருவரையும் நீங்களே தொலைபேசியில் அழைத்து, தங்கள் மருத்துவரை உடனே பார்க்கச் சொல்லுங்கள். மருத்துவர் இல்லாதவர்களுக்கு 14416 என்ற அரசின் இலவச டெலி-மானஸ் எண்ணைக் கொடுங்கள், அதில் தமிழிலேயே பேசலாம்.

ஆடி மாத உரையின் காணொளியை நீக்கச் சொல்லவில்லை. அதன் தொடக்கத்திலும், மாத்திரை பற்றிய பகுதி வரும் இடத்திலும், எழுதிக்கொடுத்த மருந்தை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தக் கூடாது என்ற அறிவிப்பை எல்லாரும் படிக்கும் எழுத்தளவில் சேருங்கள். அதே அறிவிப்பைத் தை அமர்வின் தொடக்கத்தில் குழுத் தலைவர் தம் வாயால் படிக்க வேண்டும்.

தை அமர்வில் அந்தப் பேச்சாளர் பேசுவதாக இருந்தால் பேசட்டும்; உயிர் பற்றியும் மனம் பற்றியும் பேசட்டும். மேடையில் மனநல மருத்துவர் ஒருவரும் சைவ சித்தாந்தம் முறையாகப் பயின்ற ஒருவரும் உடன் இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் தம் கருத்தைச் சொல்லும் முன் எதிர்த்தரப்பின் கருத்தை அவர்கள் ஒப்பும்படி எடுத்துரைக்க வேண்டும். பேச்சுக்குச் சமமான நேரம் கேள்விகளுக்கு ஒதுக்கப்பட வேண்டும். முதல் கேள்வி கேட்க எனக்கு இடம் வேண்டும். என் தம்பி வர விரும்பினால் அவனுக்கும் வேண்டும்.

இவற்றுக்குக் கார்த்திகை முடிவதற்குள் எழுத்தில் பதில் தாருங்கள். அதற்குள் வராவிட்டால், இந்த மடலையும் உங்கள் பதில் கடிதத்தையும் சுவரொட்டியின் படத்தையும் மாவட்ட ஆட்சியரிடமும் மாவட்ட மனநலத் திட்ட அலுவலரிடமும் மனுவாகக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியை ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.